குரூசர் பைக்கில் கழற்றி மாட்டும் பெட்டி: சேலை கார்டில் தொங்கவிடலாமா?

4 பிப்ரவரி 2024 (பாலக்கோட்டிலிருந்து வந்த கேள்வி)

என்னிடம் அவெஞ்சர் குரூஸ் 220 இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை நீண்ட பயணம் போவேன். இரண்டு பக்கமும் கெட்டியான பெட்டி, வேண்டாதபோது கழற்றிவிடுகிற மாதிரி மாட்ட ஆசை. கடைக்காரர் சேலை கார்டிலேயே கிளாம்ப் போட்டு மாட்டிக்கொள்ளலாம், தனியாக ஸ்டே (பெட்டியைத் தாங்கும் இரும்புக் குழாய்ச் சட்டம்) எதற்கு என்கிறார். சில ஆயிரம் மிச்சமாகும். மாட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

4 பிப்ரவரி 2024, இரவு

வேண்டாம்ங்க. சேலை கார்டு இருப்பது சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் இருக்க. எடை தாங்க அதைச் செய்யவில்லை.

நான் கிருஷ்ணகிரி. மீட்டியர் 350, 2021 வண்டி. நானும் முதலில் இதைத்தான் செய்தேன். இடது பக்கம் சேலை கார்டில் இரண்டு கிளாம்ப், வலது பக்கம் ஒரு பட்டை இரும்பு. மூன்று மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு நாள் ராயக்கோட்டை தாண்டி டீக்கடையில் நிறுத்தி இறங்கும்போது பெட்டி கொஞ்சம் சாய்ந்த மாதிரி தெரிந்தது. குனிந்து பார்த்தால் கீழ் போல்ட் இருந்த இடத்தில் தகடு கிழிந்து, பெட்டியின் உள்மூலை டயரின் பக்கவாட்டில் உரசி, சுற்றிலும் ஒரு கோடு விழுந்திருந்தது. டயர் போனால் மாற்றிக்கொள்ளலாம். அந்த மூலை சக்கரத்துக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது டீ இறங்கவில்லை. மீதி வழி முழுக்கப் பெட்டியை டேங்க் மேல் கட்டிக்கொண்டுதான் வீடு வந்தேன்.

5 பிப்ரவரி 2024

"எவ்வளவு எடை வைத்தீர்கள்" என்று பென்னாகரத்து நண்பர் கேட்டிருக்கிறார். துணி, ஒரு ஜோடி செருப்பு, டூல் பை. ஆறு கிலோ இருக்கலாம். எடை அதிகம் என்பதால் அது கிழியவில்லை. ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு நாளெல்லாம் ஒரே இடத்தில் ஆட்டிக்கொண்டே இருந்தால் மெல்லிய தகடு களைத்துப்போகும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான்.

இன்னொன்று. பெட்டி காலியாகவே எடை. தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தேன்: இப்போது என்னிடம் இருக்கும் பெட்டி ஒன்று 4.2 கிலோ, ஸ்டே மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 5.6 கிலோ. ஒரு வேட்டிகூட வைப்பதற்கு முன்பே 14 கிலோ ஏறிவிடுகிறது.

11 பிப்ரவரி 2024

ஸ்டே பற்றி விவரமாக எழுதச் சொல்லி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். இன்று ஞாயிறு, உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் செய்துகொண்டது ஓசூரில். டிவிஎஸ், அசோக் லேலண்ட் என்று பெரிய தொழிற்சாலைகள் இருக்கும் ஊர் என்பதால் அங்கே சிப்காட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைய. பைப் வளைக்கும் மெஷின் உள்ள இடமாகத் தேடிப் போங்கள். பைப்பைச் சூடு காட்டிக் கையால் வளைத்தால் வளைவில் நசுங்கிவிடும், பிறகு ஒடிவதும் அங்கேதான்.

முதலில் அட்டை. பழைய பிரிட்ஜ் அட்டைப் பெட்டியை வெட்டி வண்டியின் பக்கத்தில் ஒட்டி, எந்த போல்ட் எங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டு போனேன். பட்டறை அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, பாதி வேலைய நீயே முடிச்சிட்ட" என்றார். அந்த அட்டையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு பக்கமும் மூன்று இடத்தில் பிடிப்பு வேண்டும், மூன்றும் முக்கோணமாக அமைய வேண்டும். என் வண்டியில் மேலே இரண்டு பிடிப்பு பின்சீட்டுக் கைப்பிடி போல்ட்டுகளில், கீழே ஒன்று பின்னால் உட்காருபவரின் கால்மிதி பிராக்கெட்டில். ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டைக் கழற்றி நீள போல்ட் போட்டு அதில் மாட்டும் பழக்கமும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. வண்டியின் பின்பாகம் முழுக்க நிற்கும் போல்ட் அது. அங்கே தரம் தெரியாத போல்ட்டைப் போட மனம் வராது.

இரண்டு பக்க ஸ்டேயையும் பின்னால் நம்பர் பிளேட்டுக்கு அடியில் ஒரு குறுக்குக் கம்பியால் இணைக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குறுக்குக் கம்பி இல்லாத ஸ்டே யானைக் காது மாதிரி உள்ளேயும் வெளியேயும் ஆடும், வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். அந்தக் கம்பி போட்ட பிறகு ஸ்டேயைப் பிடித்துத் தள்ளினால் வண்டி முழுதுமாக அசைகிறது. ஸ்டே தனியாக அசைவதில்லை.

போல்ட் எல்லாம் எட்டு மில்லி, தலையில் 8.8 என்று வலிமைக் குறி அடித்தது. நட் நைலாக். ஒரு தடவை கழற்றினால் அந்த நைலாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள், உள்ளே இருக்கும் நைலான் வளையம் பிடிப்பை இழந்துவிடும்.

கடைசியாக, ஆனால் எனக்கு இதுதான் முதலாவது: அம்மா. வாரத்தில் இரண்டு நாள் அம்மா இந்த வண்டியில்தான் என்னோடு சந்தைக்கும் கோயிலுக்கும் வருவார். ஒருபக்கமாக, இடது பக்கம் கால் தொங்கவிட்டு உட்காருவார். பெட்டி மாட்டியிருந்தால் அது நடக்காது, அதனால்தான் கழற்றும் பெட்டி. ஆனால் பெட்டியைக் கழற்றிய பிறகும் ஸ்டே நிற்குமே? முதலில் செய்த ஸ்டேயின் முன்கை அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் குத்தியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது காலைத் தேய்த்துக்கொண்டதைப் பார்த்தேன். மறுபடி ஓசூர் போய் முன்கையை நான்கு விரற்கடை பின்னுக்குத் தள்ளி வளைத்து வந்தேன். சேலை கார்டும் கால்தட்டும் அப்படியே இருக்கின்றன.

பெட்டி எவ்வளவு சீக்கிரம் கழலும் என்று எல்லாக் கடையிலும் செய்து காட்டுவார்கள். கழன்ற பிறகு அங்கே என்ன நிற்கும் என்று யாரும் காட்ட மாட்டார்கள். வாங்குவதற்கு முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

12 பிப்ரவரி 2024

விட்டுப்போனது. ஸ்டேயை முடுக்கியதும் கனமான ஆளாகப் பார்த்துப் பின்சீட்டில் உட்காரவைத்துக் குதிக்கச் சொல்லுங்கள். ஷாக் அப்சார்பர் முழுக்க அமுங்கும்போதும் சக்கரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு விரலாவது போக வேண்டும்.

25 பிப்ரவரி 2024

ஒரு திருத்தம். போன வாரம் ஓசூர் நண்பருக்கு எழுதிய பதிலில், பெட்டியில் எடை ஏறினால் சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் இன்னும் அதிகமாகச் சாயும் என்று சொல்லியிருந்தேன். தப்பு. நடப்பது நேர் எதிர். எடை ஏறினால் பின்பாகம் அமுங்கி வண்டி தாழ்கிறது. ஸ்டாண்டின் நீளம் மாறுவதில்லை. அதனால் வண்டி முன்னைவிட நிமிர்ந்து நிற்கும், வலது பக்கம் கொஞ்சம் பள்ளமாக இருந்தாலே அந்தப் பக்கம் சரிந்துவிடும். நேற்று கேஆர்பி அணைக்குப் போனபோது வண்டி நிறுத்துமிடத்தில் என் வண்டி சரியப் போய்ப் பிடித்தேன். மொத்தம் 191 கிலோ வண்டி, அதற்கு மேல் சாமான். முதுகு இன்னும் வலிக்கிறது.

மீட்டியரில் பின் ஷாக் அப்சார்பரை ஆறு படிகளில் இறுக்கலாம். பெட்டி நிறைந்தால் நான்காவது படிக்குக் கொண்டுபோகிறேன், வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிடுகிறது. வீடு திரும்பியதும் மறக்காமல் இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் காலி வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போடும்.

17 மார்ச் 2024

போலீஸ் பிடிப்பார்களா என்ற கேள்விக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி விவரக்குறிப்பை மாற்றும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. அதனால் சேஸிஸில் வெல்டிங் வைக்காதீர்கள், துளை போடாதீர்கள். போல்ட் கழற்றினால் வண்டி ஷோரூமிலிருந்து வந்த நிலைக்குத் திரும்ப வேண்டும். பின்னால் வைக்கும் பெட்டிக்கு 2020-ல் மத்திய அரசு அளவு சொல்லிவிட்டது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்குள். பின்சீட்டின் மேலேயே பெட்டியை வைத்தால் ஓட்டுபவர் மட்டும்தான் போகலாம்.

என் அனுபவத்தில் நிறுத்திக் கேட்பது நம்பர் பிளேட்டும் இண்டிகேட்டரும் தெரிகிறதா என்றுதான். புது நம்பர் பிளேட் ஒருமுறை பூட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாத வகை. அதை இடம் மாற்றினால்தான் பொருந்தும் என்று சொல்லும் ஸ்டேயை வாங்க வேண்டாம்.

21 ஏப்ரல் 2024

டாப் பாக்ஸா (பின்சீட்டுக்குப் பின்னால் மேலே வைக்கும் பெட்டி), பக்கப் பெட்டியா என்று ஒரு வாரமாகச் சண்டை நடக்கிறது. தர்மபுரி நண்பர் "பின்னாடி பெட்டி வச்சா முன்சக்கரம் மிதக்கும், நான் அனுபவிச்சேன்" என்கிறார். முந்தா நாள் வரை நானும் அதை நம்பினேன். ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

என் வண்டியின் இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே 140 சென்டிமீட்டர். டாப் பாக்ஸின் நடு, பின் அச்சுக்கு 35 சென்டிமீட்டர் பின்னால் வருகிறது. பெட்டியில் 10 கிலோ என்றால், 10-ஐ 35-ஆல் பெருக்கி 140-ஆல் வகுத்தால் 2.5. அதாவது முன்சக்கரத்திலிருந்து இரண்டரைக் கிலோ குறைகிறது, பின்சக்கரத்தில் பன்னிரண்டரைக் கிலோ ஏறுகிறது. இரண்டரைக் கிலோவுக்கு முன்சக்கரம் மிதக்காது.

ஆனால் 80-க்கு மேல் ஹேண்டில் ஆடியது உண்மை. அதை என் கையிலேயே உணர்ந்திருக்கிறேன். அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது? நேற்று பர்கூர் வரை மூன்று தடவை போய் வந்தேன். பெட்டி இல்லாமல், காலிப் பெட்டியோடு, எட்டுக் கிலோ வைத்து. பெட்டி இல்லாமல் போனபோதும் 60 வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்டால் லேசான ஆட்டம் இருந்தது! பெட்டி மாட்டியதும் அது பெரிதாகிறது. மெக்கானிக் முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்து, கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) லூஸ் என்றார். முடுக்கிய பிறகு எட்டுக் கிலோவோடு 90 வரை போனேன், ஹேண்டில் அமைதியாக இருக்கிறது.

அதனால் தர்மபுரி நண்பரே, உங்கள் வண்டியிலும் முதலில் கோன் செட்டைப் பாருங்கள். இருந்தாலும் என் ஓட்டு பக்கப் பெட்டிக்குத்தான். எடை தாழ்வாக, அச்சுக்குப் பக்கத்தில் உட்காருகிறது. உயரத்தில், பின்கோடியில் இருக்கும் எடை சின்ன ஆட்டத்தையும் பெரிதாக்கும். பெட்டி செய்யும் கிவி மாதிரிக் கம்பெனிகளே டாப் பாக்ஸ் மாட்டும் மோனோலாக் வகைத் தட்டுகள் பலவற்றுக்கு 3 கிலோதான் என்று எழுதுகிறார்கள். அதில் ஹெல்மெட், மழைக்கோட்டு வைத்தால் போதும்.

2 ஜூன் 2024

மாம்பழக் காலம். காவேரிப்பட்டணத்தில் மாமா தோப்பிலிருந்து இரண்டு பெட்டியிலும் செந்தூராவும் மல்கோவாவும் வைக்கோல் பரப்பி அடுக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் திறந்தால் இடது பெட்டிப் பழம் அப்படியே இருக்கிறது. வலது பெட்டியில் அடி வரிசைப் பழங்கள் தொட்டால் சுடுகின்றன, ஒரு பக்கம் கூழாகிவிட்டன.

வலது பக்கம் சைலன்சர். பெட்டியைக் கழற்றி அடியைப் பார்த்தேன், பிளாஸ்டிக் லேசாக உப்பியிருந்தது. துணி வைத்துப் போனவரை இது தெரியவில்லை, பழம் காட்டிக்கொடுத்தது. அந்தப் பக்கம் இரண்டு விரல் இடைவெளிதான் விட்டிருந்தேன். இப்போது பெட்டியை ஏற்றி நான்கு விரல் ஆக்கி, நடுவில் ஒரு அலுமினியத் தகடு, தகட்டுக்கும் ஸ்டேக்கும் நடுவே வாஷர் அடுக்கிக் காற்றுப் போக வழி. மறுவாரம் அதே தோப்பு, அதே பழம். சுடவில்லை.

பெட்ரோல் பாட்டிலை வலது பெட்டியில் வைப்பவர்கள் தயவுசெய்து இன்றே மாற்றுங்கள்.

4 ஆகஸ்ட் 2024

நேற்று ஆடிப்பெருக்கு. பென்னாகரம் பக்கம் கூட்டத்தில் நகர்ந்து நகர்ந்துதான் போனோம். பெட்டியோடு போனது தப்பு. நெரிசலில் நம் ஹேண்டில் நுழைந்தால் உடம்பும் நுழையும் என்பது கைக்குப் பழகிய கணக்கு. பெட்டி அந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. மீட்டியரின் ஹேண்டில் அகலம் 845 மில்லிமீட்டர். என் பெட்டிகளின் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் அளந்தால் 960. சைலன்சருக்காக வலது பக்கம் தள்ளிப் போட்டதால் வந்தது.

இதே காரணத்தால் போன மாதம் வேலூர் பக்கம் ஒரு டோல்கேட்டில், ஓரமாக இரண்டு சக்கர வண்டிக்கு விட்டிருக்கும் சந்தில் வலது பெட்டி சிமெண்ட் தூணில் இடித்தது. வேகம் இல்லை. பெட்டி மூலை நசுங்கியதோடு போயிற்று. அடுத்த தடவை செய்தால் இடது பெட்டியை இன்னும் உள்ளே தள்ளி, பெட்டியையும் ஒல்லியாக வாங்குவேன். கொள்ளளவு லிட்டர் கணக்கில் மயங்கிப் பெரிய பெட்டி வாங்காதீர்கள்.

15 அக்டோபர் 2024

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து, மறுநாள் விடியற்காலை சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசுக்கிக் கிளம்பி, தனுஷ்கோடி போய் வந்தேன். போக 500 கிலோமீட்டருக்கு மேல். பெட்டிக்கு இதுதான் உண்மையான பரீட்சை.

தொப்பூர் இறக்கம். தர்மபுரி பக்கமிருந்து இறங்கும்போது லாரிகள் எப்படி வரும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காலி வண்டியில் பிரேக் பிடிக்கும் இடத்தில் பிடித்தால் இப்போது வண்டி இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் அடங்குகிறது. மூன்றாவது கியரில் எஞ்சினே இழுத்துப் பிடிக்க விட்டு, முன் லாரிக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடம் விட்டு இறங்கினேன். கிளம்பும் முன்பே டயர் காற்றை, இருவர் போவதற்கு வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றியிருந்தேன். நான் தனி ஆள்தான், ஆனால் சாமானும் ஆளும் டயருக்கு ஒன்றுதான்.

பாம்பன் சாலைப் பாலம். 1988-ல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் கடல். அங்கே காற்று பக்கவாட்டில் அடித்தபோதுதான் பெட்டி என்பது ஒரு பாய்மரம் என்று புரிந்தது. வண்டி ஒரு முழம் தள்ளிப்போனது. வேகத்தை 40-க்குக் குறைத்து, ஹேண்டிலை இறுக்காமல் லேசாகப் பிடித்து, தொடையால் டேங்கை அணைத்துக்கொண்டு போனேன். இறுக்கிப் பிடித்தால் காற்றின் ஆட்டம் கை வழியாக ஹேண்டிலுக்குத்தான் போகிறது.

லாட்ஜில் பெட்டியைக் கழற்றி மாடிக்குத் தூக்க வேண்டாம் என்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். துணிக்கடையில் தரும் கட்டைப் பை! ஒரு பெட்டிக்கு ஒரு பை, அளவெடுத்த மாதிரி நிற்கிறது. பெட்டி வண்டியிலேயே பூட்டியிருக்க, கைப்பிடியைப் பிடித்துப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடலாம். தனியாக விற்கும் உள்பைகளுக்குக் கொடுக்கும் காசில் ஒரு நாள் பெட்ரோல் போடலாம்.

திரும்பி வந்து பெட்டியைக் கழற்றினால் இடது பூட்டு திரும்பவில்லை. மணல். தூரிகையால் தட்டி, சிலிக்கான் ஸ்பிரே அடித்ததும் வந்தது. ஸ்டேயில் பெயிண்ட் உரிந்த இடங்களில் உப்புக்காற்று இரண்டே நாளில் துரு பிடிக்க வைத்திருக்கிறது. கடலோரம் போனால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வெல்டிங் ஓரங்களை ஈரத்துணியால் துடைத்து வெயிலில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விரிசல் இல்லை. ஒரே ஒரு போல்ட், கால்மிதி பக்கத்தது, கால் சுற்று தளர்ந்திருந்தது.

8 டிசம்பர் 2024

டிசம்பர் 2 காலை ஊத்தங்கரை என்ன நிலையில் இருந்தது என்று எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அக்கா வீடு அங்கேதான். வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். ரோடு திறந்ததும் ஒரு பெட்டியில் பால் பவுடர், பிரெட், மாத்திரை, இன்னொன்றில் குழந்தைகளுக்குக் காய்ந்த துணியும் போர்வையும் எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் தூறல், நடுவில் அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது.

மருந்துப் பெட்டியில் ஒரு சொட்டு இறங்கவில்லை. போர்வைப் பெட்டியில் மேல் போர்வை நனைந்துவிட்டது. அமுக்கி மூடியபோது போர்வையின் ஓரம் ரப்பர் பட்டையில் மாட்டி, அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் திரி மாதிரி ஏறியிருக்கிறது. நல்ல வேளை, அடியில் இருந்த குழந்தைத் துணியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருந்தேன். மூடிய பிறகு ஒருமுறை விரலால் ரப்பரைச் சுற்றித் தடவிப் பாருங்கள். பத்து விநாடி வேலை.

12 ஜனவரி 2025

பாலக்கோட்டு நண்பர் போன வாரம் வண்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். பதினொரு மாதமாகப் பெட்டி மாட்டாமல் இந்தக் குறிப்புகளைப் படித்துக்கொண்டே இருந்தாராம். என் அட்டையை அவர் வண்டியில் வைத்துப் பார்த்தோம், பொருந்தவில்லை. அவெஞ்சரில் பின்பாகம் இன்னும் தாழ்வு, போல்ட் இடங்களும் வேறு. புது அட்டை வெட்டினோம்.

அவர் வண்டிக்கு என் வண்டியில் இல்லாத ஒரு கவலை உண்டு. குரூஸில் கம்பி வைத்த சக்கரம், உள்ளே டியூப். வழியில் பஞ்சர் ஆனால் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டி வரலாம். பெட்டியை எடுத்துவிட்டு, ஸ்டேயைத் தொடாமல் பின் அச்சை உருவ முடிகிற மாதிரி கீழ்க்கையை வளைக்க வேண்டும். பாலக்கோடு பஸ் ஸ்டாண்ட் எதிரே பஞ்சர் கடை உண்டு. அஞ்செட்டிக் காட்டு ரோட்டில் யார் இருக்கிறார்கள்? அட்டையில் அச்சு வரும் இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தேன்.

அவர் மனைவியும் வந்திருந்தார். இடது பக்கம் அட்டையை ஒட்டிவைத்து அவரை ஒருபக்கமாக உட்காரச் சொன்னோம். அட்டை அவர் கெண்டைக்காலில் இடித்தது. அம்மா உள்ளேயிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து, இடித்த இடத்தைத் தானே வெட்டி எறிந்துவிட்டு, "இப்ப உக்காரும்மா" என்றார். சரியாக இருந்தது. பொங்கல் முடிந்ததும் அந்த அட்டை ஓசூர் போகிறது.